நான் எம்மா, எல்லா, எக்ஸ்எல்லா?

கேள்வி இதுதான்: "ஒரே வாரத்தில் மூன்று நிறுவனங்களின் துணி எடுத்தேன். ஒன்றில் எம் சரியாக இருந்தது. இன்னொன்றில் எம் தோளில் ஏறவே இல்லை, எல் எடுத்தேன். மூன்றாவதில் எக்ஸ்எல். இதைவிடக் கொடுமை, எனக்குப் பொருந்திய நீல பேன்ட்டின் அதே மாடல், அதே சைஸை கறுப்பில் வாங்கினால் இடுப்பில் பட்டன் மாட்டவில்லை. கோளாறு என் உடம்பிலா, அவர்கள் தைப்பதிலா? உலகம் முழுக்க ஒரே அளவு வைத்துத் தொலைத்தால் என்ன?"

உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. ஒரே வாரத்தில் யாரும் எம்மிலிருந்து எக்ஸ்எல்லுக்கு ஊதிவிட மாட்டார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் இருபது வருடத்துக்கு மேல் பேட்டர்ன், அதாவது துணியை எந்த வடிவில் வெட்ட வேண்டும் என்று காட்டும் மாதிரி, வெட்டியவன் நான். ட்ரையல் ரூமிலிருந்து முகம் வாடி வெளியே வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லலாமா என்று தோன்றும். சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்று நிறுவனங்களின் எம் மூன்று விதமாக இருக்கிறதே, அது தெரிந்தே செய்வது. ஒரே மாடல், ஒரே சைஸ் பேன்ட் இரண்டு விதமாக இருக்கிறதே, அது பெரும்பாலும் செய்கிறவர்களுக்கே தெரியாமல் நடப்பது. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

எஸ், எம், எல் என்ற எழுத்துகளுக்குள் அளவு எதுவும் கிடையாது, வரிசை மட்டும்தான் இருக்கிறது. எம் என்றால் அந்த நிறுவனத்தின் எஸ்ஸைவிடப் பெரியது, அந்த நிறுவனத்தின் எல்லைவிடச் சிறியது. அவ்வளவுதான். ஒரு வகுப்பு வரிசையில் நடுவில் நிற்கிற பையன் பக்கத்து வகுப்பில் போய் நின்றால் கடைசி ஆளாகிவிடலாம், முதல் ஆளாகவும் ஆகலாம். பையன் வளரவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த வரிசையின் நடு எங்கே என்பதை நிறுவனம்தான் முடிவு செய்கிறது. நம்மிடம் துணி வாங்கப்போகிறவர் யார்? கல்லூரிப் பிள்ளைகளா, நாற்பதைத் தாண்டி லேசாகத் தொந்தி வைத்தவர்களா, தினமும் ஓடுகிறவர்களா? அந்தக் கற்பனை ஆளுக்கு ஏற்ற உடல்வாகுள்ள ஒருவரைத் தேடிப் பிடிக்கிறார்கள். தொழிலில் அவருக்கு ஃபிட் மாடல் என்று பெயர். முதலில் வெட்டும் சட்டையை அவருக்குப் போட்டுப் பார்த்துத்தான் திருத்துகிறோம். கையைத் தூக்கச் சொல்வோம், உட்காரச் சொல்வோம், முதுகில் விழும் சுருக்கத்தைக் குண்டூசி குத்திப் பிடிப்போம். அவருடைய தோள் சரிவும் முதுகு வளைவும் கை நீளமும் அப்படியே லட்சக்கணக்கான சட்டைகளுக்குள் போய்விடும். ஏதாவது ஒரு நிறுவனத்தின் துணி மட்டும் எப்போதும் அளவெடுத்துத் தைத்த மாதிரி உங்களுக்கு உட்காருகிறது என்றால், முகம் தெரியாத அந்த ஆளும் நீங்களும் ஒரே வாகு. அந்த நிறுவனத்தை விட்டுவிடாதீர்கள்.

அந்த ஒரு சைஸ் முடிந்ததும் மற்ற சைஸ்களை யார் உடம்பிலும் போட்டுப் பார்ப்பது அபூர்வம். கணக்குப் போட்டுப் பெருக்குவோம், குறைப்போம். இதற்கு கிரேடிங் என்று பெயர். ஒரு சைஸ் ஏறினால் மார்புச் சுற்றளவில் 4 அல்லது 5 செ.மீ., தோளில் 1 செ.மீ., நீளத்தில் ஒன்றரை செ.மீ. என்று ஒரு விதி இருக்கும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி. மனித உடம்பு இந்த விதிப்படி வளர்வதில்லை என்பதுதான் சிக்கல். மார்பு அகலமான எல்லோருக்கும் கை நீளமாக இருக்குமா? உடம்பு போட்டவுடன் தோள் எலும்பு அகலமாகிவிடுமா? நடு சைஸிலிருந்து ஒரு படி தள்ளி இருப்பவர்களுக்குப் பிழை தெரியாது. மூன்று படி தள்ளிப் போனால் ஒவ்வொரு படியிலும் சேர்ந்த பிழை மொத்தமாகத் தெரியும். தோள் தொங்கும், கை விரலை மூடும், வயிற்றில் மட்டும் பட்டன் இழுக்கும். பெரிய சைஸ்களுக்குத் தனியாக ஒரு மாடலை வைத்துத் தனி பேட்டர்ன் வெட்டுவதுதான் முறை. அதற்கு நேரமும் பணமும் ஆகும், அதனால் பலர் செய்வதில்லை. "எனக்கு எந்தத் துணியுமே சரியாக அமைவதில்லை" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் இந்த வரிசையின் இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்கள்தான்.

இன்னொன்று, லூஸ். தையற்காரர் "எவ்வளவு லூஸ் விடட்டும்?" என்று கேட்பாரே, அதுதான். உடம்பின் அளவுக்கே துணி வெட்டினால் மூச்சுவிட முடியாது. மார்பு 100 செ.மீ. இருப்பவருக்கு நெய்த துணியில் சாதாரணச் சட்டை என்றால் சட்டையின் சுற்றளவு 108, 110 வரும். ஸ்லிம் என்றால் 105. தொளதொளவென்று போடுவது பாணியாக இருக்கிற காலத்தில் 120 தாண்டும். மூன்று சட்டையிலும் சைஸ் ஒன்றேதான் எழுதியிருக்கும். அதாவது இரண்டு நிறுவனங்கள் ஒரே உடம்பை மனதில் வைத்துத் தைத்தாலும், லூஸ் விஷயத்தில் கருத்து மாறினால் உங்கள் கைக்கு வரும் சட்டைகள் 15 செ.மீ. வித்தியாசப்படலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் லேபிள் இதை உங்களுக்குச் சொல்வதும் இல்லை.

ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒருநாள் அளவுப் பட்டியல் புதிதாக வந்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு எண்கூட மாறவில்லை. மேலே இருந்த தலைப்புகள் மட்டும் ஒரு கட்டம் நகர்ந்திருந்தன. எல் இருந்த இடத்தில் எம், எம் இருந்த இடத்தில் எஸ். பேட்டர்னைத் தொட வேண்டாம், லேபிளை மட்டும் மாற்றித் தையுங்கள் என்றார்கள். வழக்கமாக எல் போடுகிற ஒருவர் அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு "அட, எனக்கு எம் போதுமே" என்று சந்தோஷமாக வாங்கிப் போவார் என்பது கணக்கு. கணக்கு பலித்தது போலிருக்கிறது. அடுத்த ஆர்டர் பெரிதாக வந்தது.

இது அந்த ஓரிடத்துக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1958இல் அரசின் தர நிர்ணய அமைப்பு பெண்களின் ஆடைக்கு ஒரு அளவுத் தரத்தை வெளியிட்டது. அதில் சைஸ் 8 என்றால் மார்பு 31 அங்குலம், இடுப்பு 23.5 அங்குலம். இன்று அதே நாட்டில் பல நிறுவனங்களின் பட்டியலில் 8 என்றால் இடுப்பு 28, 29 அங்குலம். எண் அப்படியே இருக்க, அதற்குள் இருக்கும் ஆடை ஐந்து அங்குலம் வளர்ந்துவிட்டது. எண்களைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனதில் ஒல்லியானவர்களுக்கு எண் தீர்ந்துபோய், பூஜ்யம் என்று ஒரு சைஸ் வந்தது. அதுவும் போதாமல் இரட்டைப் பூஜ்யம் வந்தது. இடுப்பே இல்லாத மனிதருக்கான சைஸ் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆண்கள் சிரிக்க வேண்டாம். பேன்ட்டில் 34, 36 என்று அங்குலத்தில் எழுதியிருக்கிறதே, அதாவது உண்மையாக இருக்கும் என்று நானும் ரொம்ப நாள் நம்பினேன். 2010இல் அமெரிக்காவின் எஸ்குவயர் இதழில் எழுதும் ஒருவர், 36 என்று எழுதியிருந்த பேன்ட்களை டேப் வைத்து அளந்து பார்த்தார். 37 முதல் 41 அங்குலம் வரை இருந்தன. இதில் ஒரு பங்கு நியாயமும் உண்டு. இடுப்புப் பட்டி வயிற்றின் குறுகிய இடத்தில் உட்காராமல் கீழே இறங்கி உட்காரும் பாணியில், அந்த இடத்துச் சுற்றளவு இயல்பாகவே அதிகம். ஆனால் ஐந்து அங்குலத்துக்கும் அதையே காரணமாகச் சொல்ல முடியாது.

சரி, உலகம் முழுக்க ஒரே அளவு வைக்கலாமே என்ற கேள்வி. வைக்கப் பார்த்திருக்கிறார்கள். ஆண்கள் விஷயத்தில் ராணுவம் இந்த வேலையைத் தொடங்கி வைத்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கான சீருடைகளை ஒரே நேரத்தில் தைக்க வேண்டியிருந்தது. மார்பளவு இவ்வளவு என்றால் இடுப்பும் கையும் ஏறக்குறைய இவ்வளவு இருக்கும் என்ற கணக்கு அப்போது கிடைத்தது. ஆண்களின் கோட், சட்டை இன்றும் மார்பு அங்குலத்திலும் காலர் அங்குலத்திலும் விற்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

பெண்களுக்கு மார்பளவை வைத்து மற்றதை ஊகிக்கும் வித்தை பலிக்கவில்லை. தபாலில் துணி விற்ற நிறுவனங்களுக்குத் திரும்பி வரும் பொட்டலங்களே பெரிய நஷ்டமாக இருந்தன. இணையத்தில் வாங்கித் திருப்பி அனுப்பும் நம் காலத்துப் பிரச்சினை அப்போதே வந்துவிட்டது பாருங்கள். அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த ரூத் ஓப்ரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இருவர் 1939, 1940 ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தார்கள். ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள். முடிவுகள் 1941இல் வெளிவந்தன. பிரமாண்டமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் வெள்ளையர் அல்லாத பெண்களை அளந்துவிட்டு, கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டார்கள். இந்தத் தரவின் மேல்தான் 1958இன் தரம் எழுந்தது. யாருடைய உடம்பை விட்டுவிட்டு அளந்தோமோ அவர்களுக்கு அந்தச் சட்டை எப்படிப் பொருந்தும்? 1970இல் திருத்திப் பார்த்தார்கள். கடைசியில் 1983இல் அந்தத் தரத்தையே விலக்கிக்கொண்டார்கள். பின்பற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லாத தரத்தை, நிறுவனங்கள் தங்கள் இஷ்டத்துக்கு வளைத்து முடித்திருந்தன.

ஐரோப்பா ஒன்றாகச் சேர்ந்த பின்னும் சைஸ் எண்கள் சேரவில்லை. ஜெர்மனியில் 38 போடுகிற பெண்ணுக்கு பிரான்ஸில் 40, இத்தாலியில் 44, பிரிட்டனில் 12. ஜெர்மன் எண்ணுக்காவது ஒரு கணக்கு உண்டு. மார்புச் சுற்றளவு செ.மீட்டரில் பாதி, அதில் ஆறு கழித்தால் வருவது. 88இல் பாதி 44, ஆறு போனால் 38. ஈஎன் 13402 என்று ஒரு ஐரோப்பியத் தரம் 2000க்குப் பிறகு வந்தது. லேபிளில் ஒரு சின்ன மனித உருவம் வரைந்து, மார்பு இவ்வளவு செ.மீ., இடுப்பு இவ்வளவு செ.மீ. என்று நேரடியாகப் போடச் சொன்னது. அருமையான யோசனை. ஆனால் கட்டாயமில்லை என்பதால் அதை லேபிளில் பார்ப்பது அரிது.

நான் பார்த்தவற்றில் நேர்மையான லேபிள் சீனாவுடையது. அங்கே தேசியத் தரப்படி 160/84 ஏ என்று எழுதுவார்கள். உயரம் 160 செ.மீ., மார்பு 84 செ.மீ. உள்ள ஒருவருக்கு என்று பொருள். கடைசி எழுத்துதான் கெட்டிக்காரத்தனம். மார்புக்கும் இடுப்புக்கும் எத்தனை செ.மீ. வித்தியாசம் என்பதை ஒய், ஏ, பி, சி என்று நான்கு வாகுகளாகப் பிரித்திருக்கிறார்கள். பெண்களுக்கு 14 முதல் 18 வரை வித்தியாசம் இருந்தால் ஏ, 19 முதல் 24 என்றால் ஒய். ஒரே மார்பளவு உள்ள இருவரில் ஒருவருக்கு இடுப்பு ஒடுங்கியும் இன்னொருவருக்கு நேராகவும் இருக்கும் என்ற சாதாரண உண்மையை லேபிள் ஒப்புக்கொள்கிறது. குழந்தைகள் துணியிலும் ஐரோப்பாவில் இப்படி ஒரு நல்ல பழக்கம் உண்டு. 98, 104, 110, 116 என்று ஆறு ஆறாக ஏறும் எண்கள் குழந்தையின் உயரம், செ.மீட்டரில். "4 முதல் 5 வயது" என்று எழுதுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். எந்த வயது, எந்தக் குழந்தையின் வயது?

இந்தியாவில் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனர்களில் அளக்கும் திட்டத்தை 2018இல் அறிவித்தது. இப்படி ஒவ்வொரு நாடும் தன் மக்களை அளப்பது நல்லதுதான். ஆனால் உங்கள் கேள்விக்கு என் பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்: ஒரே அளவு வருவதை நான் விரும்பவில்லை. எல்லா நிறுவனங்களும் ஒரே உடம்புக்கு வெட்டினால், அந்த உடம்பு இல்லாதவர்களுக்குப் போக்கிடமே இருக்காது. இன்று ஒரு நிறுவனத்தின் தோள் ஒத்துவராவிட்டால் இன்னொன்றைத் தேடிப் போகலாம். எனக்கு வேண்டியது லேபிளில் மூன்று எண்கள். இந்தத் துணி மார்பு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு, உயரம் இவ்வளவு உள்ளவருக்கு என்று செ.மீட்டரில் போடுங்கள், கூடவே எஸ் என்றோ இளவரசி என்றோ எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த எண்கள் தொழிற்சாலையில் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எல்லோருக்கும் பொருந்தும் என்று ஃப்ரீ சைஸ் போட்டு விற்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை: அதுவும் ஒரே ஒரு உடம்புக்கு வெட்டியதுதான், மற்றவர்களை எலாஸ்டிக் பார்த்துக்கொள்ளும்.

இப்போது உங்கள் கறுப்பு பேன்ட்டுக்கு வருவோம். இது எனக்கு நெருக்கமான விஷயம். எத்தனையோ இரவுகள் இதனால் தூக்கம் போயிருக்கிறது.

ஒவ்வொரு அளவுக்கும் தொழிற்சாலையில் ஒரு விட்டுக்கொடுப்பு உண்டு. பேன்ட் இடுப்பில் அரை அங்குலம் கூடலாம், அரை அங்குலம் குறையலாம் என்பது வழக்கமான ஒன்று. அதற்குள் இருந்தால் பரிசோதகர் "ஓகே" என்று தள்ளிவிடுவார். அப்படியானால் 32 என்ற லேபிளில் 31.5 உம் பாஸ், 32.5 உம் பாஸ். 33 என்ற லேபிளில் 32.5 உம் பாஸ். அதாவது ஒரு 32 உம் ஒரு 33 உம் அச்சு அசலாக ஒரே அளவில் இருந்தாலும் தொழிற்சாலை விதிப்படி இரண்டும் சரியான பேன்ட்கள். ஒரே சைஸில் இரண்டு எடுத்தால் ஒரு அங்குலம் வித்தியாசம் வரலாம், யாரும் தவறே செய்யாமல்.

அந்த அரை அங்குலம் எங்கே போகிறது? தையலில் போகும். பேன்ட்டில் இரண்டு பக்கத் தையல், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மேலிருந்து கீழாக நான்கு தையல்கள். தைப்பவர் ஒவ்வொன்றிலும் 2 மில்லிமீட்டர் கூடப் பிடித்துவிட்டார் என்று வையுங்கள். தையலின் இரண்டு பக்கத் துணியும் உள்ளே போகும், அதனால் ஒரு தையலுக்கு 4 மி.மீ. நான்குக்கு 16. ஒன்றரை செ.மீட்டருக்கு மேல் காணாமல் போயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு 60, 70 துண்டு தைக்கிறவரிடம் 2 மி.மீட்டருக்குக் கணக்குக் கேட்க எனக்கு மனம் வந்ததில்லை. வெட்டுவதிலும் போகும். துணியைப் பல அடுக்காக விரித்து மேலிருந்து கத்தியை இறக்கும்போது, அடுக்கு உயரமாக இருந்தால் கத்தி லேசாகச் சாயும். மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் ஓரிரு மி.மீ. மாறும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய திருடன் துணியேதான். பின்னலாடைத் துணி ரோலில் இழுத்துச் சுற்றப்பட்டிருக்கும். அதைப் பிரித்துப் போட்டு ஒருநாள் ஆறவிட வேண்டும், தானாகச் சுருங்கி இயல்புக்கு வரும். ஆர்டர் அனுப்பும் தேதி நெருங்கினால் ஆறவிட நேரம் ஏது? இழுபட்ட துணியிலேயே வெட்டித் தைத்துவிட்டால், சுருங்கும் வேலை உங்கள் வீட்டு வாளியில் நடக்கும். 70 செ.மீ. நீள டி ஷர்ட் ஐந்து சதவீதம் சுருங்கினால் மூன்றரை செ.மீ. போயிற்று. கையைத் தூக்கினால் வயிறு தெரியும்.

நிறம் ஏன் அளவை மாற்றுகிறது என்றுதானே உங்களுக்குக் குழப்பம்? சாயம் ஏற்றும் முறையும் அதற்குப் பிந்திய சலவையும் நிறத்துக்கு நிறம் வேறு. ஜீன்ஸ் மாதிரி ஆடைகளை முதலில் தைத்துவிட்டுப் பிறகுதான் தொழிற்சாலையிலேயே துவைக்கிறார்கள். நீலத்தை வெளுக்க வைக்க நிறைய நேரம் கல்லோடும் நொதியோடும் புரட்டலாம், கறுப்பு கறுப்பாகவே இருக்க வேண்டும் என்பதால் சீக்கிரம் எடுத்துவிடலாம். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்துச் சுருக்கம் மாறும். ஒரே நிறத்திலேயே ரோலுக்கு ரோல் சுருக்கம் மாறும் என்பதால், கவனமான தொழிற்சாலைகள் ரோல்களைச் சுருக்கத்தின்படி பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனி பேட்டர்ன் வைப்பார்கள். கவனக்குறைவான இடத்தில் எல்லாவற்றையும் ஒரே பேட்டர்னில் வெட்டுவார்கள். லைக்ரா என்ற இழுபடும் இழை எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்பதும் இரண்டு நிறங்களில் மாறியிருக்கக்கூடும். உள் லேபிளைப் பாருங்கள். இரண்டு சதவீத லைக்ரா உள்ள துணி உட்காரும்போது உங்களோடு விட்டுக்கொடுக்கும். வெறும் பருத்தி முறைத்துக்கொண்டு நிற்கும்.

அப்புறம் என்னதான் செய்வது? தையற்காரரிடம் அளவுக்கென்று ஒரு பழைய சட்டையைக் கொடுப்போமே, அதைத்தான். உடம்பை அளப்பதைவிட, உங்களுக்குப் பிடித்தமாக உட்காருகிற ஒரு சட்டையையும் ஒரு பேன்ட்டையும் தரையில் விரித்து அளந்து வைத்துக்கொள்வது நல்லது. உடம்பை நாமே அளக்கும்போது வயிற்றை எக்கிவிடுவோம், டேப் முதுகில் சரியும். துணிக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. சட்டையில் அக்குளுக்கு அக்குள் அகலம், தோளுக்குத் தோள், முழு நீளம், கை நீளம். பேன்ட்டில் இடுப்புப் பட்டியின் அகலம், சீட்டின் அகலம், தொடை, கவட்டிலிருந்து முன்பக்கம் பட்டி வரை உயரம், உள் கால் நீளம். இந்த ஒன்பது எண்களை ஃபோனில் குறித்துக்கொண்டால் போதும். கடைக்குப் போனாலும் பையில் ஒரு டேப்போடு போங்கள். பத்துத் துணியை மாட்டிக் கழற்றுவதற்குப் பதில் இரண்டை மாட்டினால் போதும்.

சீட் என்று சொன்னேன். தமிழில் இடுப்பு என்ற ஒரே சொல்லை மேலே ஒடுங்கிய இடத்துக்கும் சொல்கிறோம், கீழே அகன்ற இடத்துக்கும் சொல்கிறோம். தையற்காரர்கள் குழப்பம் வேண்டாமென்று மேலே இடுப்பு, கீழே சீட் என்று பிரித்துக்கொண்டார்கள். அளவுப் பட்டியலில் எது எந்த இடம் என்று பார்க்காமல் ஆர்டர் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. ஒடுங்கிய இடம் எது என்று தெரியாவிட்டால் பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள், மடிப்பு விழும் இடம்தான் இடுப்பு. அதிலிருந்து ஒரு சாண் கீழே சீட்.

அளவுப் பட்டியலில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அதில் இருக்கும் எண்கள் உடம்பின் அளவா, துணியின் அளவா? சிலர் "மார்பு 100" என்று உடம்பைச் சொல்வார்கள், சிலர் தைத்து முடித்த சட்டையைச் சொல்வார்கள். முன்னதில் உங்களுக்கு 100 என்றால் எடுக்கலாம். பின்னதில் 100 எடுத்தால் மூச்சுத் திணறும். ஒன்றும் எழுதவில்லை என்றால் எண்களைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். "96 - 100" என்று இடைவெளியோடு இருந்தால் பெரும்பாலும் உடம்பு. தோள் அகலம், சட்டை நீளம் எல்லாம் சேர்த்து ஒற்றை எண்களாக இருந்தால் துணி. அக்குளுக்கு அக்குள் அகலம் மட்டும் கொடுத்திருந்தால் இரண்டால் பெருக்க மறக்காதீர்கள்.

இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், பிறகு திருத்த முடியாத இடம் எது என்று பாருங்கள். சட்டையில் தோள். அதை அவிழ்த்து ஒடுக்க வேண்டுமென்றால் கையைக் கழற்றிக் காலர் வரை போக வேண்டும், நல்ல தையற்காரரே முகம் சுளிப்பார். அதனால் தோள் சரியாக இருக்கிற சைஸை எடுத்துப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். பேன்ட்டில் சீட்டும் தொடையும். அவை சரியாக இருந்து இடுப்பு லூசாக இருந்தால் பின் தையலில் பிடிப்பது அரை மணி நேர வேலை. மாட்டிப் பார்க்கும்போது நின்று கண்ணாடி பார்ப்பதோடு விடாதீர்கள். உட்காருங்கள், குனிந்து செருப்பைத் தொடுங்கள், சட்டையில் இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். நின்றபடி எல்லாத் துணியும் நல்ல துணிதான்.

பெண்களின் உள்ளாடை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் குழப்பம் உச்சம். 34 சி என்பதில் சி என்ற எழுத்துக்குத் தனியாக ஒரு கொள்ளளவு கிடையாது. அது மார்புக்கும் அதன் கீழ்ப் பட்டைக்கும் உள்ள வித்தியாசம், அதனால் பட்டை எண் ஏறினால் அதே எழுத்தின் கப்பும் பெரிதாகும். 34 சி, 36 பி, 32 டி மூன்றிலும் கப் ஏறக்குறைய ஒரே அளவு. கப் சரியாக இருந்து பட்டை மேலே ஏறுகிறது என்றால் பட்டையில் ஒரு படி இறங்கி எழுத்தில் ஒரு படி ஏற வேண்டும். இது தெரியாமல் பட்டை எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம். அந்த 34 பட்டையே ஜெர்மனியில் 75, பிரான்ஸில் 90 என்று எழுதப்படும்.

உங்கள் கறுப்பு பேன்ட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். நீலத்தையும் கறுப்பையும் ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து இடுப்புப் பட்டியை ஒப்பிடுங்கள். அகலத்தில் ஒரு செ.மீ. வரை, அதாவது சுற்றளவில் இரண்டு செ.மீ. வரைதான் குறைவு என்றால், பேன்ட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பின் தையலைப் பாருங்கள். அங்கே இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்குத் துணி விட்டிருந்தால் தையற்காரர் அவிழ்த்துக் கொடுத்துவிடுவார். ஜீன்ஸ் மாதிரி துணியை மடித்து இரட்டைத் தையல் போட்டிருந்தாலோ, ஓரத்தை ஒட்ட வெட்டி, நூல் பிரியாமலிருக்க ஓவர்லாக் தையல் அடித்திருந்தாலோ ஒன்றும் செய்ய முடியாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது பெரிய சைஸ் கேட்காமல், அதே சைஸில் இன்னும் இரண்டு கறுப்பை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வேறு ரோலிலிருந்து வந்தது ஒன்று அதில் இருக்கலாம்.